பித்தளைச் சில்லறை: பாலஸ்தீனத்தின் முதல் யூத விவசாயக் குடியேற்றங்களின் டோக்கன் காசைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பஸ்ஸில் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினால், கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் '40' என்று கிறுக்கித் தருவார். இறங்கும்போது அதைக் காட்டி மீதியை வாங்கிக்கொள்வோம். அதுவரை அந்தத் துண்டுக் காகிதம் நாற்பது ரூபாய். அந்த பஸ்ஸுக்குள் மட்டும், அந்தக் கண்டக்டரிடம் மட்டும். அடுத்த பஸ்ஸில் ஏறி நீட்டினால் செல்லாது.

1880-களில் ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில், புதிதாகக் குடியேறிய யூத விவசாயிகளிடையே புழங்கிய டோக்கன் காசும் இதே வேலையைத்தான் செய்தது. அரசு அச்சடித்த காசு கைக்குப் போதவில்லை. கூலியோ ஒவ்வொரு வாரமும் கொடுத்தாக வேண்டும். அதனால் நிர்வாகமே தன் பெயரில் வில்லை அடித்துக் கொடுத்தது.

நான் பல வருஷமாக நாணயம் சேர்க்கிறேன். அரசர் முத்திரை போட்ட காசைவிட இந்த மாதிரித் தனியார் டோக்கன்கள்தான் என்னை அதிகம் பிடித்து வைத்திருக்கின்றன. அரசுக் காசு, ஆட்சி செய்தவர் யார் என்று சொல்லும். டோக்கன், யார் யாருக்குக் கடன்பட்டார் என்று சொல்லும். அந்தக் கடனைக் கண்டுபிடித்துவிட்டால் டோக்கனை முழுசாகப் படித்துவிட்டீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: முதலில் அரசுக் காசைத் தெரிந்துகொள்ளுங்கள்

டோக்கனைப் புரிந்துகொள்ள, அது எந்த ஓட்டையை அடைத்தது என்று தெரிய வேண்டும். இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள்.

1844-இல் நடந்த நாணயச் சீர்திருத்தத்தின்படி ஒட்டோமான் கணக்கு இப்படி: ஒரு தங்க லிராவுக்கு 100 குருஷ், ஒரு குருஷுக்கு 40 பாரா. வெள்ளியில் பெரிய காசு மெஜிதியே, 20 குருஷ். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் சுத்தமான கணக்கு. தெருவில் அப்படி இல்லை.

மகமூது சுல்தான் காலத்தில், அதாவது 1839-க்கு முன்பு, வெள்ளி குறைத்து அடித்த பெஷ்லிக் என்ற காசு அப்போதும் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தது. பெஷ்லிக் என்றால் 'ஐந்து உள்ளது', ஐந்து குருஷ் என்று பொருள். தேய்ந்து, கறுத்து, உள்ளே செம்பு எட்டிப் பார்க்கும் காசு. பின்னாளில் அரசே அதன் மதிப்பைப் பாதியாகக் குறைத்தது. பெயர் மட்டும் ஐந்தாகவே இருந்தது. அதற்கும் கீழே மெத்தலிக், பத்துப் பாரா. அதாவது கால் குருஷ்.

இவற்றோடு பிரான்ஸின் 20 பிராங்க் தங்கக் காசான நெப்போலியன், இங்கிலாந்தின் சவரன், ரஷ்ய ரூபிள் எல்லாம் ஒரே சந்தையில் ஒன்றாகப் புழங்கின. போதாததற்கு, குருஷே இரண்டு வகை. அரசு வரி கட்டும் கணக்கில் 'சாக்', அதாவது நல்ல குருஷ். கடைக் கணக்கில் 'சூரூக்', சொத்தைக் குருஷ். ஒரே மெஜிதியேவை மாற்றினால் யோப்பாவில் ஒரு எண்ணிக்கை, எருசலேமில் வேறு எண்ணிக்கை. விவிலியத்தில் வரும் அதே யோப்பா துறைமுகம்தான். காசு மாற்றித் தருபவரை அங்கே 'சர்ராஃப்' என்பார்கள். நம் ஊரில் பழைய ஆட்கள் சொல்லும் 'சராப்பு' அதே அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த நிலைமையில் ஒரு குடியேற்றத்தின் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். பாரிஸிலிருந்து அவருக்குப் பணம் வருகிறது, தங்கமாக அல்லது பிராங்க் கணக்கில். ஒரு நெப்போலியன், தங்கக் கணக்கில் சுமார் 88 குருஷ். எதிரே நிற்கும் கூலிக்காரருக்குத் தர வேண்டியதோ ஒரு நாளைக்குச் சில குருஷ். அந்தத் தங்கத்தை உடைக்க யோப்பாவுக்கோ ஹைஃபாவுக்கோ கழுதையிலோ வண்டியிலோ போக வேண்டும். சர்ராஃபுக்குக் கமிஷன் தர வேண்டும். அங்கேயும் சில்லறை இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

பணம் இருக்கிறது, சில்லறை இல்லை. டோக்கன் பிறந்த இடம் இதுதான்.

படி 2: டோக்கனை வெளியிட்டது யார் என்று பாருங்கள்

ஆரம்பக்கால யூத விவசாய இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி நிர்வாகம் கொண்டவை அல்ல. இதைக் கவனிக்காமல் எல்லா டோக்கனையும் ஒரே பெட்டியில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலாவது, மிக்வே இஸ்ராயேல். 1870-இல் யோப்பாவுக்கு அருகே, பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட யூத அமைப்பு ஒன்றின் சார்பில் சார்ல்ஸ் நெட்டர் தொடங்கிய விவசாயப் பள்ளி. இது ஊர் இல்லை, பள்ளி. மாணவர்கள், கூலிக்காரர்கள், சமையல்கூடம், தோட்டம், எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில். இதன் பெயரிலும் டோக்கன் உண்டு.

அடுத்து, சிக்ரோன் யாகோவ். 1882 டிசம்பரில் ருமேனியாவிலிருந்து வந்த குடும்பங்கள் கார்மேல் மலையின் தென்பகுதியில், சமாரின் என்ற இடத்தில் குடியேறின. கல்லும் காய்ச்சலும்தான் அவர்களை வரவேற்றன. கையிலிருந்த பணம் சீக்கிரமே கரைந்தது. மறு வருஷம் பாரிஸைச் சேர்ந்த பரோன் எட்மண்ட் டி ரோத்ஸ்சைல்ட் அந்த இடத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தம் தந்தை ஜேம்ஸின் எபிரேயப் பெயரான யாகோவை ஊருக்குச் சூட்டினார். 'யாகோவின் நினைவு' என்பதே ஊர்ப் பெயரின் பொருள். தம் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பாததால் எல்லாரும் அவரை 'அறியப்பட்ட கொடையாளர்' என்றே சொன்னார்கள். அவருடைய நிர்வாகம் 1880-களில் இங்கே வெளியிட்ட பித்தளை டோக்கன்கள்தான் இந்த வகையில் அதிகம் பேசப்படுபவை.

1878-இல் எருசலேம்வாசிகள் தொடங்கிய பெத்தா திக்வா, 1882-இன் ரிஷோன் லெட்சியோன், 1890-இன் ரெஹோவோத் ஆகியவற்றுக்கு வேறு வேறு கதை. ரெஹோவோத் பரோனின் நிர்வாகத்துக்குக் கீழே வராமல் தன் காலில் நின்ற ஊர். அப்படிப்பட்ட ஊரில் டோக்கன் வந்தால் அதற்குப் பின்னால் நிற்பது ஒரு கொடையாளர் அல்ல, ஊர்க் குழு.

ஆக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த டோக்கனைத் திருப்பிக் கொண்டுபோனால் மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்? பள்ளி மேலாளரா, பரோனின் அதிகாரியா, ஊர்க் குழுவின் பொருளாளரா?

படி 3: ஒரு டோக்கன் போய் வந்த வழியைக் கணக்குப் போடுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. ஒரு தாளை எடுத்து வட்டம் வரையுங்கள். எண்களை நாமே வைத்துக்கொள்வோம், வழி புரிவதற்காக.

ஐம்பது பேர் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். வாரத்துக்கு ஆளுக்கு 30 குருஷ் கூலி. மொத்தம் 1,500 குருஷ். இதை முழுக்க மெத்தலிக்காகக் கொடுக்க வேண்டும் என்றால் 6,000 காசு வேண்டும், வாரா வாரம். குமாஸ்தா ஒரு பாதியைப் பெரிய வெள்ளிக் காசாகவும் மறுபாதியை டோக்கனாகவும் தருகிறார். வேலையாள் டோக்கனைக் கடையில் கொடுத்து மாவும் எண்ணெயும் வாங்குகிறார். கடைக்காரர் அதையே இன்னொருவருக்கு மீதியாகக் கொடுக்கிறார். கசாப்புக் கடைக்கும் தையல்காரருக்கும் போய்ச் சேர்கிறது. கடைசியில் யாரோ ஒருவர் கைநிறையச் சேர்த்து நிர்வாக அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நெப்போலியனாக மாற்றிக்கொள்கிறார். டோக்கன் பெட்டிக்குத் திரும்புகிறது, அடுத்த வாரம் மறுபடி வெளியே போகிறது.

இதில் லாபம் யாருக்கு? சில்லறைக்காக சர்ராஃபிடம் ஓட வேண்டாம் என்பது எல்லாருக்கும் லாபம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 750 குருஷுக்கான டோக்கன் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்வரை, அந்த 750 குருஷ் தங்கம் நிர்வாகத்தின் பெட்டியிலேயே இருக்கிறது. வேலையாட்களும் கடைக்காரர்களும் நிர்வாகத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார்கள். தொலைந்துபோன டோக்கன், தோட்டத்தில் மண்ணுக்குள் புதைந்த டோக்கன், ஞாபகத்துக்கென்று எடுத்து வைத்த டோக்கன், இவை எல்லாம் திருப்பித் தரப்படாமலே போன கடன். இன்று சேகரிப்பாளர் கையில் இருக்கும் ஒவ்வொன்றும் அப்படித்தான் தப்பி வந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. தோட்டங்களில் பக்கத்துக் கிராமங்களின் அரபி விவசாயிகளும் கூலிக்கு வந்தார்கள். அவர்கள் மாலையில் திரும்பிப் போவது தங்கள் ஊருக்கு, அவர்களுடைய சந்தைக்கு. எபிரேய எழுத்துப் போட்ட வில்லையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? குடியேற்றத்துக் கடையிலேயே செலவழித்துவிட்டுப் போக வேண்டும், அல்லது அரசுக் காசுதான் வேண்டும் என்று நிற்க வேண்டும். வட்டம் வரையும்போது அதன் விளிம்பையும் வரையுங்கள். விளிம்புக்கு வெளியே இருந்தவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூலிக்குப் பதிலாகக் கடையைக் கைகாட்டும் வழக்கம் யூதர்களுக்குப் புதிதல்ல. கூலிக்காரருடைய கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விவிலியத்தின் லேவியராகமம் சொல்கிறது. அதற்கு விளக்கமாகச் சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூலில் ஒரு வரி வருகிறது: வேலை கொடுத்தவர் தொழிலாளியைக் கடைக்காரரிடமோ காசு மாற்றுபவரிடமோ கணக்கு மாற்றி அனுப்பிவிட்டால், கூலியைத் தாமதித்த குற்றம் அவர்மேல் இல்லை. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்குப் பிறகு வந்த பித்தளை டோக்கனின் முழு வேலையும் அந்த ஒரு வரியில் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

படி 4: எழுத்தைப் படியுங்கள், ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

இப்போது டோக்கனைக் கையில் எடுங்கள், அல்லது படத்தைப் பெரிதாக்குங்கள்.

முதல் சோதனை, சுல்தானின் கையெழுத்து முத்திரை. துக்ரா என்று பெயர். மூன்று செங்குத்துக் கோடுகள் மேலே எழும்ப, இடப்பக்கம் இரண்டு வளையங்கள் வீங்கி நிற்கும் அழகான பின்னல். அது இருந்தால் அரசு நாணயம். டோக்கனில் அது இருக்காது. சுல்தானின் முத்திரையைத் தனியார் அடித்தால் அது கள்ளக்காசு, தண்டனைக்குரியது.

அடுத்து, எபிரேய எழுத்தில் ஆண்டு. எபிரேயத்தில் எழுத்துக்கே எண் மதிப்பு உண்டு. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தாவ் 400, ரேஷ் 200, மேம் 40, ஹே 5. இந்த நான்கும் வரிசையாக வந்தால் கூட்டுத்தொகை 645. ஆயிரத்தின் இலக்கத்தைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள், நாமே 5000 சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே 5645. இதிலிருந்து 3760-ஐக் கழித்தால் 1885. யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் அந்த ஆண்டின் முதல் சில மாதங்கள் 1884-இல் விழும். கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கோடு போல் சின்னக் குறி இருந்தால், 'இது சொல் இல்லை, எண்' என்று பொருள்.

தேய்ந்த பித்தளையில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஹேக்கும் ஹெத்துக்கும் வித்தியாசம், இடது காலுக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளி மட்டுமே. ஹே 5, ஹெத் 8. இடைவெளியில் அழுக்கு அடைத்துவிட்டால் ஆண்டு மூன்று வருஷம் தள்ளிப் போய்விடும். தாலெத்தும் ரேஷும்கூட அப்படித்தான், மூலை கூர்மையாக இருந்தால் 4, வளைந்தால் 200. அப்புறம் 15, 16 இரண்டையும் 9+6, 9+7 என்றே எழுதுவார்கள். நேரடியாக 10+5 என்று எழுதினால் இறைவன் பெயரின் எழுத்துகள் வந்துவிடும் என்பதால்.

பக்கத்தில் வைத்து ஒப்பிட அப்துல் ஹமீது சுல்தானின் காசு ஒன்று இருந்தால் நல்லது. அதில் 1293 என்று அரபி இலக்கத்தில் இருக்கும். அது அவர் பட்டத்துக்கு வந்த ஹிஜ்ரி ஆண்டு, 1876. காசு அடித்த ஆண்டு என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகப் போட்டிருக்கும் சின்ன எண் ஆட்சியாண்டு. அது 10 என்றால் 1293-உடன் 10 கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: 1302. அதாவது 1884-85, நாம் மேலே பார்த்த எபிரேய 5645-இன் காலமேதான். அந்த இலக்கங்களில் பூஜ்யம் ஒரு புள்ளி, ஐந்துதான் வட்டம். ஏழு ஆங்கில V போலவும் எட்டு கவிழ்த்த V போலவும் இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

ஆண்டே இல்லாத டோக்கனும் நிறைய உண்டு. அதற்கு அடுத்த படி.

படி 5: ஆண்டு இல்லையா, பண அலகைப் பாருங்கள்

பாராவோ குருஷோ இருந்தால் ஒட்டோமான் காலம். பிராங்க் என்றால் பாரிஸ் கணக்கோ, முதல் உலகப் போர்க் காலமோ இருக்கலாம். 1917-இல் பிரிட்டிஷ் படை வந்ததும் எகிப்தியப் பணம் செல்லுபடியானது. 1927 நவம்பரில் பாலஸ்தீன பவுண்டு வந்தது, அதற்கு 1,000 மில். ஆகவே 'மில்' என்று இருந்தால் அது முதல் குடியேற்றக் காலத்து டோக்கனே இல்லை, எத்தனை பழசாகத் தெரிந்தாலும் சரி. அகோரா என்றால் 1960-க்குப் பிறகு.

'புருதா' என்ற சொல்லிடம் மட்டும் ஜாக்கிரதை. இஸ்ரேல் உருவான பின் அது அரசுப் பண அலகின் பெயர் ஆனது. ஆனால் பழைய எபிரேயத்திலேயே அது 'மிகச் சிறிய காசு' என்ற பொருளில் இருந்த சொல். நம் 'சல்லிக்காசு' மாதிரி. அந்தச் சொல்லை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

வெறும் எண் மட்டும் போட்டு, அலகே இல்லாத டோக்கன் வந்தால்? வெளியிட்டவருக்கும் வாங்கியவருக்கும் அலகு சொல்லாமலே தெரிந்திருந்தது என்று அர்த்தம். அந்த வட்டம் எவ்வளவு சின்னது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

படி 6: ஏன் நின்றது என்று விசாரியுங்கள்

சிக்ரோன் யாகோவ் டோக்கன்கள் நீண்ட நாள் ஓடவில்லை. துருக்கிய அதிகாரிகள் தடை போட்டார்கள். அவர்கள் பக்கம் நின்று யோசித்தால் காரணம் புரியும். 1875-இல் கடனைக் கட்ட முடியாமல் திணறிய அரசு அது. 1881 முதல் அதன் வருமானத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கடன்காரர்களின் நிர்வாகமே வசூல் செய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஐரோப்பியப் பணத்தில் நடக்கும் ஒரு குடியேற்றம் தன் பெயரில் காசு அடித்தால் சுல்தானுக்கு எப்படி இருக்கும்? காசு அடிப்பது அரசனின் உரிமை.

உள்ளூரிலும் உரசல் இருந்தது. பரோனின் அதிகாரிகள் எதை நடுவது, யாருக்கு எவ்வளவு படி தருவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்தார்கள். 1887-இல் ரிஷோன் லெட்சியோன் விவசாயிகள் தங்கள் அதிகாரி ஓசோவெட்ஸ்கிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அப்படி ஒரு ஊரில், கூலியும் கடையும் காசும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கையின் பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று டோக்கனைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல நோக்கத்தில் வந்த டோக்கனும் இந்தப் பிடிக்கு விலக்கல்ல என்பதே என் எண்ணம்.

1900-இல் பரோன் தம் குடியேற்றங்களின் நிர்வாகத்தை வேறொரு யூதக் குடியேற்றச் சங்கத்திடம் ஒப்படைத்தார். 1903-இல் யோப்பாவில் ஆங்கிலோ-பாலஸ்தீன கம்பெனி என்ற வங்கி திறந்தது. அப்புறம் போர். 1914 ஆகஸ்டில் தங்கமும் வெள்ளியும் ஒரே வாரத்தில் மறைந்துபோனது போல் ஆனதும் அந்த வங்கி காசோலைகளையே பணம்போலப் புழங்கவிட்டது. டெல் அவீவ் போன்ற ஊர்க் குழுக்கள் சில்லறைக்குக் காகிதத் துண்டு அச்சடித்தன. முப்பது வருஷத்துக்கு முன் பித்தளை அடைத்த அதே ஓட்டையை இந்த முறை காகிதம் அடைத்தது.

படி 7: வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும்

இந்த டோக்கன்கள் அரிதானவை. அரிது என்றாலே போலி வரும். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். பித்தளை ஒட்டாது, ஒட்டினால் மேலே பூச்சுதான். பிறகு விளிம்பை விரல் நகத்தால் தடவுங்கள். அச்சில் அடித்த வில்லையின் எழுத்து ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்து எடுத்த போலியில் எழுத்து சோப்புக் கட்டி மாதிரி மழுங்கி, நடுவில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பில் அரம் போட்ட கோடு இருக்கும். நகைக் கடைத் தராசில் எடை பார்த்து, அருங்காட்சியகங்கள் வெளியிட்ட விவரங்களோடு ஒப்பிடுங்கள். டெல் அவீவில் உள்ள எரெட்ஸ் இஸ்ராயேல் அருங்காட்சியகத்தின் கத்மான் நாணயக் கூடம் நாணயங்களுக்கென்றே இருக்கிறது. இஸ்ரேலின் 1978-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக 1700-க்கு முந்தைய பொருட்களைப் பற்றியது. ஆகவே 1880-களின் டோக்கன் அதில் சிக்காது, ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுவாதீர்கள். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். சேர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு பழைய பொருள் கடையில் பித்தளை கேன்டீன் டோக்கன் ஒன்று வாங்கினேன். பழுப்பும் பச்சையுமாக, அழகாகத்தான் இருந்தது. வீட்டில் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியையும் சாம்பலையும் போட்டுத் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் தங்கம் போல மின்னியது. ஆனால் எழுத்துகளின் ஓரத்தில் படிந்திருந்த கருமை போய், எழுத்தே கண்ணுக்குத் தெரியாமல் ஆகிவிட்டது. அறுபது எழுபது வருஷம் பல கைகள் ஏற்றிய நிறத்தை நானே கழுவிச் சாக்கடையில் விட்டேன். இன்றும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

கழுவாத டோக்கனில்தான் தேய்மானத்தைப் படிக்க முடியும். ஒரு மாலை வேளையில் ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். எண்ணின் மேடு வழுவழுவென்று தேய்ந்து, பள்ளத்தில் மட்டும் கருமை நின்றால் அது பல கை மாறியது. மேடு கூர்மையாகவே இருந்தால் நிர்வாகத்தின் பெட்டியை விட்டு அதிகம் வெளியே போகாதது. துளை போட்டிருந்தால் ஓரத்தைப் பாருங்கள். துளையின் உட்பக்கம் ஒரே இடத்தில் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் யாரோ அதைக் கயிற்றில் கோத்து நாள்கணக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, டோக்கனோடு காகித உறைக்குள் போட்டு வையுங்கள். பி.வி.சி. வகை பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாள்பட்டால் பித்தளையில் பச்சை ஏறும்.